சவரி மச்சானின் ஊதாக் கல்

மே 5, செவ்வாய்

நேற்றுதான் கத்திரி ஆரம்பம். அதற்குள் கல் தீட்டும் பட்டறையின் கூரைத் தகரம் அனலாய்க் கொதிக்கிறது. பத்தரைக்குப் போன கரண்ட் சாப்பாட்டு நேரத்துக்குத்தான் வந்தது. மோட்டார் ஓடாத பட்டறையில் நானும் ரோணிக்கமும் ஊர் வம்பு. எனக்குக் குச்சியில் கல் ஒட்டிக் கொடுப்பவள் அவள். கை வேகம். வாய் அதைவிட.

செய்ய வேண்டியது: அரக்கு. காஸ் புக் பண்ண. கரண்ட் பில். மகள் ஜெனிக்கு ஹாஸ்டலில் போர்வை தொலைந்துவிட்டதாம், வேறு அனுப்பணும். நர்சிங் படிக்கிற பிள்ளை, நாளைக்கு நோயாளியை எங்கே தொலைக்குமோ.

மூன்று மணி வெயிலில் கூடப் பிறந்த பிலோமி அக்கா வந்தாள். அடுத்த தெருதான், ஆனாலும் முகம் கறுத்துக் கிடந்தது. முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் வைத்தாள். அவள் வீட்டுக்காரர் சவரி மச்சானுடைய ஊதாக் கல். அவர் குவாரியில் துளை போட்ட காலத்தில் மலையில் கிடைத்தது. யார் கேட்டும் கொடுக்காதது.

ரெண்டு பேரும் மாதாவுக்கு நேர்ந்துகொண்டார்களாம். 31ஆம் தேதி கோயிலில் மாதா சுரூபத்துக்கு முடிசூட்டு. கிரீடத்தில் நெற்றிப் பக்கம் ஒரு இடம் விடச் சொல்லிப் பங்குச் சாமியிடம் கேட்டுவிட்டாள். நான் பட்டை தீட்டிக் கொடுக்கணும்.

"அந்த மலை அவருக்குக் குடுத்தது இது ஒன்னுதான்டி. மூச்ச எடுத்துக்கிட்டுக் கல்லக் குடுத்துச்சு. கல்ல மாதாவுக்குக் குடுத்துருவோம். அவ மூச்சத் திருப்பிக் குடுக்கட்டும்."

மாதாவிடமே பண்டமாற்றுப் பேசுகிறவள். சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

நான் ஒரு விஷயம் சொல்லவில்லை. எங்கள் பட்டறைக்கு வருவது எல்லாம் உலையில் உருக்கி வார்த்த செயற்கைக் கல். கம்மலுக்கும் மூக்குத்திக்கும் போகிறது. மண்ணில் விளைந்த கல்லை நான் தீட்டியதே இல்லை. கல் கல்தானே என்று வாயை மூடிக்கொண்டேன்.

மே 8, வெள்ளி

புழுக்கம். மேகம் கட்டி, ஏமாற்றிப் போனது.

எந்தப் பக்கத்தைத் தலையாக வைத்துத் தீட்டுவது என்று கேட்க மச்சானிடம் போனேன். வேப்ப மரத்தடிக் கட்டிலில், முட்டி மேல் தலையணை, தலையணை மேல் முகம். அப்படிக் குனிந்திருந்தால்தான் மூச்சு வருகிறது. பேச்சு, நாலு வார்த்தைக்கு ஒரு நிறுத்தம். அக்கா இடத்தை நிரப்பிப் பேசிவிடுவாள், பாதி அவர் சொல்ல வந்ததே இல்லை.

பிஸ்கட் டின்னைக் கொண்டுவரச் சொன்னார். பிள்ளையில்லாத வீட்டில் சின்ன வயது ஜெனிக்கு விளையாட்டுச் சாமான் அதுதான். எல்லாம் நம் மலையில் கிடைத்தவை. காக்காப்பொன், உரித்தால் கண்ணாடித் தாள் போல வரும். இறைச்சி நிறத்தில் ஒரு பாறைத் துண்டு. ஸ்பீக்கர் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும் கறுப்பு இரும்புக்கல். அந்தக் காலத்தில் இதை அங்கேயே உருக்கினார்கள் என்பார்கள், கசடு இன்னும் மேடாகக் கிடக்கிறது, ஆடு மேய்கிறது. மாதுளை முத்து அளவில் சிவப்புக் கல் ரெண்டு. பிறகு வெங்கச்சங்கல். வெள்ளையாக, சாதாரணமாக. ரெண்டை இருட்டில் உரசினால் உள்ளே வெளிச்சம் ஓடும். ஜெனி அதற்காகப் போர்வைக்குள் புகுந்துகொள்வாள்.

"இந்த வெங்கச்சங்கல்லு... தாரையா ஓடும்... பாறைக்குள்ள. அதுல ஒரு பொந்து. கைய விட்டேன்... ஊதாவா இருந்துச்சு. பாம்புக் கண்ணுன்னு... கைய எடுத்துட்டேன்."

சிரித்தார். சிரிப்பு இருமலாகிவிட்டது. அக்கா முதுகைத் தேய்த்தபடி என்னை முறைத்தாள், நான்தான் சிரிக்க வைத்தேனாம்.

வரும்போது சொன்னார். "அவசரப்படாத செலி. நல்லாப் பாத்துச் செய்யி."

மே 11, திங்கள்

எழுதவே கை வரவில்லை. எழுதிவிடுகிறேன்.

ரோணிக்கம் லீவு, கொழுந்தன் மகளுக்குக் காதுகுத்து. அதுவும் நல்லதுதான், இந்தக் கல்லை நானே ஒட்டலாம் என்று இருந்தேன். ஒட்டுவதற்கு முன் கல்லைத் தகட்டில் வைத்துச் சூடு காட்டணும், அப்போதுதான் அரக்குப் பிடிக்கும். காஸ் அடுப்பில் தகடு, தகட்டில் ஊதாக் கல். அக்கா போன். "மூச்சு இழுக்குதுடி, வாடி." ஓடினேன். அடுப்பு முழுசாக எரிந்துகொண்டிருந்தது.

பாதி வழியில் நினைவு வந்தது. வந்தும் திரும்பவில்லை. அதுதான் இப்போது நெஞ்சில் அடைக்கிறது. எங்கள் கல் உலையில் பிறந்தது. தகடு சிவந்தாலும் நிறம் போகாது, ஆறவிட்டுத் துடைத்துவிட்டு ஒட்டிக்கொள்ளலாம். எத்தனை தடவை நடந்திருக்கிறது. அதே நினைப்பில் மச்சானுக்கு மருந்துப் புகையைப் பிடித்து, மூச்சுத் தணிகிறவரை முதுகைத் தேய்த்து, அக்கா போட்ட டீயையும் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

கல் முழுசாக இருந்தது. ஒரு கீறல் இல்லை. ஆனால் ஊதா இல்லை. மஞ்சள். ரெண்டாம் தண்ணீர் விட்ட டீ நிறம்.

ஆறினால் திரும்பும் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். தண்ணீரில் போட்டுப் பார்த்தேன். வெயிலில் வைத்தேன். பைத்தியம் மாதிரி ஜெபமாலையைச் சுற்றி வைத்தேன். மஞ்சள்.

மே 12, செவ்வாய்

இட்லி மாவு புளித்துவிட்டது. அரக்கு வந்தது. வேலை எதிலும் மனம் இல்லை, நாலு கல் முனை உடைந்தது.

என் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அருள், இலுப்பூர் மினி பஸ் ஓட்டுகிறவர். ஊரெல்லாம் அவர் பஸ்ஸில் பேசுவதைக் கேட்டுக் கேட்டு எதற்கும் அதிர்ச்சியே கிடையாது. சாப்பிட்டுக்கொண்டே கேட்டார்.

"ஒம் பட்டறையிலதான் ஊதாக் கல்லு மூட்டையா கெடக்குல்ல. ஒன்னத் தீட்டிக் குடுத்துட்டு வேலையப் பாரு. இதவிட நல்லாவே மின்னும்."

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. எனக்கும் நேற்றிலிருந்து அதே நினைப்புத்தான், அவர் வாயால் கேட்டதும்தான் கோபம் வந்தது. கரண்டியை எறிந்தேன். ரசம் சுவரில்.

மாட்டேன். உயிரைக் கொடுத்துத் தோண்டிய மனுஷன். அவர் நேர்ச்சையில் நான் கம்மல் கல்லை வைப்பேனா. முதலில் அவரிடம்தான் சொல்லணும். அக்காவிடம் இல்லை. கல் அவருடையது.

சுவரைத் துடைத்தேன். கறை போகவில்லை.

மே 13, புதன்

அக்கா ரேஷன் கடைக்குப் போகிற நேரம் பார்த்துப் போனேன். மஞ்சள் கல் கைக்குட்டையில். சொல்ல வேண்டியதை வழியெல்லாம் ஒத்திகை பார்த்துவிட்டு, அவர் முகத்தைப் பார்த்ததும் அழத்தான் வந்தது.

"மச்சான், கல்ல நான் கெடுத்துட்டேங்க."

எல்லாவற்றையும் சொன்னேன். வழியில் நினைவு வந்ததைக்கூட. அவர் கல்லை வாங்கி விரலால் உருட்டிக்கொண்டே இருந்தார்.

"ஒடையலயே?"

"ஒடையலங்க."

"அப்பறம் என்ன... மலைக்குள்ள இருட்டுல... என்ன நெறமா இருந்துச்சுன்னு... எவன் பாத்தான். அதே கல்லுதான?"

"அதே கல்லுதாங்க மச்சான். மாதா மேல சத்தியமா."

"சத்தியம் எதுக்கு. நீ சொன்னா சரி." மூச்சு வாங்கிக்கொண்டார். "மஞ்சளா இருந்தாலும்... தீட்டு. அதையே வப்போம்."

எனக்கு அவர் காலைக் கட்டிக்கொள்ளணும் போல இருந்தது. அக்காவிடம் இன்றைக்கே சொல்லிவிடுகிறேன் என்றேன். கையை ஆட்டினார்.

"நீ சொல்லாத. ஆடிருவா. நானே... பதமாச் சொல்றேன்."

சரி என்றேன். அக்கா வந்ததும் என் கண்ணைப் பார்த்துவிட்டு, "என்னடி, என்னாச்சு" என்றாள். மச்சானைப் பார்த்தால் அழுகை வருகிறது என்றேன். பொய் இல்லை.

மே 14, வியாழன்

மஞ்சள் கல்லை ஒட்டினேன். இந்தத் தடவை தகட்டைத் தொட்டுத் தொட்டுப் பார்த்து, கை பொறுக்கிற சூட்டில். நம் கல்லைப் போல இல்லை. சக்கரத்தில் வைத்தால் சத்தமே வேறு, மெதுவாகக் கேட்கிறது. பகல் முழுக்க அதுவே வேலை. ரோணிக்கம் ரெண்டு தடவை கேட்டாள்.

"இது என்ன கல்லுக்கா? ஒங்க அக்கா குடுத்தது ஊதான்னு சொன்னீங்க?"

வேறு வேலை இல்லையா என்று எரிந்து விழுந்தேன். அவளிடம் ஒழுங்காகச் சொல்லியிருக்கணும்.

அழகாகத்தான் வந்திருக்கிறது. சிறிய கல், ஆனால் உள்ளே நல்லெண்ணெய் விளக்கு மாதிரி. மச்சானிடம் காட்டணும்.

மே 15, வெள்ளி

காட்டவில்லை. விடிகாலையில் மச்சானுக்கு முடியாமல் போய், புதுக்கோட்டைக்குக் கொண்டு போனோம். அருள் தெரிந்தவர் காரைப் பிடித்தார். ஆக்ஸிஜன் வைத்திருக்கிறார்கள்.

டாக்டர் சின்னப் பெண். ஜெனியைவிடக் கொஞ்சம் மூத்தவளாக இருப்பாள். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, என்ன வேலை பார்த்தார் என்று கேட்டாள். குவாரியில் துளை போட்டார், அப்புறம் வெங்கச்சங்கல் அரைக்கிற மில்லில் இருந்தார் என்றாள் அக்கா. டி.பி. மாத்திரை முழுசாச் சாப்பிட்டாரும்மா, அப்பவும் கேக்கல என்றாள்.

"இது டி.பி. இல்லம்மா. கல்லுத்தூள். உள்ள போனா வெளிய வராது. நுரையீரலே கல்லு மாதிரி ஆயிரும்."

அக்காவுக்குப் பாதிதான் புரிந்தது. மருந்து கொடுத்தால் தூள் கரைந்துவிடுமா என்று கேட்டாள். அந்தப் பெண் அக்கா தோளில் கையை வைத்தாள்.

ஊதாக் கல்லும் வெங்கச்சங்கல்தான். அதே தாரை, பொந்துக்குள் நிறம் ஏறினது. அப்படியானால் மச்சான் நெஞ்சுக்குள் நிறைந்து கிடப்பதும், தீட்டி முடித்து என் பர்ஸில் வைத்திருந்ததும் ஒரே கல். ஆஸ்பத்திரி வராந்தாவில்தான் இது தோன்றியது. கைப்பையை மடியில் வைக்கவே பிடிக்கவில்லை.

கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மச்சானும் என்னைப் பார்த்தார். வாயில் முகமூடி. பேச முடியாது.

அக்காவிடம் சொல்லிவிட்டாரா என்று தெரியவில்லை. கேட்கிற நேரமா அது.

மே 17, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி, துவையல். அக்கா ஒரு வாய்தான் சாப்பிட்டாள். சாமி வந்து அவஸ்தை பூசி, சாகிறவர்களுக்கான ஜெபம் சொல்லிவிட்டுப் போனார்.

அக்கா என் காதில்: "கல்லு தயாராடி? முடிசூட்டு வரைக்கும் இருந்துட்டார்னா போதும். மாதா பாத்துக்குவா."

ஆக, அவர் சொல்லவில்லை.

தீட்டியாச்சு என்று மட்டும் சொன்னேன். நானே சொல்லிவிடலாமா என்று நாக்கு வரை வந்தது. மச்சான் சொல்லாதே என்றாரே. இந்த நிலைமையில் அவளுக்கு இருக்கிற ஒரே பிடிப்பு அந்த ஊதாக் கல். பிடுங்கிவிட முடியவில்லை.

மே 19, செவ்வாய்

மச்சான் போய்விட்டார். காலையில், அக்கா முகம் கழுவப் போன நேரத்தில்.

மே 20, புதன்

அடக்கம் முடிந்தது. வெயில் தாங்காமல் கல்லறையிலேயே ரெண்டு பேர் மயக்கம். ஜெனி வந்திருக்கிறாள், பெரியம்மாவை விட்டு அசையவில்லை. குவாரியில் கூட வேலை செய்தவர்களில் வந்தது மூன்று பேர். மூன்று பேரும் இருமிக்கொண்டே மண் போட்டார்கள்.

நான் நன்றாக அழுதேன். கொஞ்சம் எனக்காகவும்.

மே 26, செவ்வாய்

ஏழாம் நாள் பூசை. லேசாகத் தூறல், மண்வாசனையோடு சரி.

பூசை முடிந்து வந்து, வந்தவர்களுக்கு டீ கொடுத்துக்கொண்டிருந்தேன். அக்கா உள்ளே கூப்பிட்டாள். அழுது வீங்கிய முகம், ஆனால் தெளிவாக இருந்தாள்.

"கல்லக் குடு. நாளைக்குச் சாமிகிட்ட ஒப்படைக்கணும். அவர் இல்லாட்டியும் அவர் சொன்ன சொல்லு இருக்குல்ல."

இனிமேல் தள்ள முடியாது. பர்ஸிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். சொன்னேன். தகடு, காஸ், அவள் போன் பண்ணியது, நான் ஓடியது, மச்சானிடம் சொன்னது, அவர் தானே சொல்கிறேன் என்றது. என் குரலே எனக்குப் பொய்க் குரல் மாதிரி கேட்டது.

அக்கா கல்லைப் பார்க்கவே இல்லை. என்னையே பார்த்தாள்.

"இத அவருகிட்டச் சொன்னியா?"

"சொன்னேன்க்கா. நீ ரேசன் கடைக்குப் போயிருந்தப்ப."

"நான் இல்லாதப்ப."

"ஆமாக்கா."

"எங்கிட்ட எதையும் மறைக்காத மனுசன். ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு மொத நாளு பூராவும் எங்கூடத்தான இருந்தாரு. ஒரு வார்த்தை சொல்லலையே." குரல் ஏறவே இல்லை. "தீட்டியாச்சான்னு கேட்டேன். தீட்டியாச்சுன்ன. மஞ்சளாப் போச்சுன்னு அப்ப ஏன்டி சொல்லல?"

அவர் சொல்லாதே என்றார் என்றேன். செத்தவர் மேல் பழி போடுகிறாயா என்று கேட்டாள்.

மே 27, புதன்

ரோணிக்கம் வேலைக்கு வரவில்லை. அவள் வாய் வந்துவிட்டது. பட்டறையில் நான் மஞ்சள் கல்லை ஒளித்து ஒளித்துத் தீட்டியதை அக்காவிடம் சொல்லியிருக்கிறாள். அசல் ஊதாக் கல் என்ன விலை போகும் என்று போனில் வீடியோ வேறு காட்டியிருக்கிறாள். ரோணிக்கத்தையும் குறை சொல்ல முடியாது, பார்த்ததைத்தான் சொன்னாள்.

சாயங்காலம் குழாயடியில் நான் போனதும் பேச்சு நின்றது.

அருள் அக்காவிடம் போய், "மதினி, அவ அப்புடிச் செய்யறவ இல்ல" என்று சொல்லியிருக்கிறார். "நீங்க ஒங்க பொண்டாட்டிக்குச் சொல்லாம யாருக்குச் சொல்லுவீங்க" என்றாளாம். வந்து என்னைப் பார்த்தார். அன்னைக்கே நான் சொன்ன மாதிரி ஊதாவைக் கொடுத்திருந்தால், என்று அவருக்கு வாய் வரை வந்திருக்கும். நல்ல மனுஷர், சொல்லிக்காட்டவில்லை.

கோபம் கோபமாக வருகிறது. பொய் சொல்லியிருந்தால் இன்றைக்கு நான் நல்லவள்.

மே 31, ஞாயிறு

முடிசூட்டு. பந்தல், சீரியல் செட், பிள்ளைகள் பூத்தூவல். நான் கடைசித் தூணுக்குப் பக்கத்தில். கிரீடத்தில் நெற்றிப் பக்கம் விட்ட இடம் காலியாக இருந்தது. தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரிந்தது.

மஞ்சள் கல்லை அக்கா சாமியிடம் கொடுக்கவில்லை. ஏழாம் நாளன்றே என் வீட்டு வாசலில் வைத்துவிட்டுப் போய்விட்டாள். அவர் கல் வராமல் வேறு கல்லை வைக்க மாட்டாளாம். பாட்டு முடிந்து எல்லாரும் முட்டி போட்டபோது அவள் விம்மல் பெண்கள் பக்கம் முழுக்கக் கேட்டது.

"நேந்துக்கிட்டதச் செய்யாமக் கடனோட போயிட்டாரே, ஆத்தா."

நான் வெளியே வந்துவிட்டேன்.

ஜூன் 3, புதன்

கத்திரி முடிந்தும் வெயில் விடவில்லை. கிணற்றில் மோட்டார் காற்று இழுக்கிறது.

ஜெனி போன். பெரியம்மா சாப்பிட்டாங்களா என்றுதான் முதல் கேள்வி. தெரியவில்லை என்று எப்படிச் சொல்வது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம். தாலி இழந்தவளைப் பிறந்த வீட்டார் கூப்பிட்டுப் போய்ச் சாப்பாடு போடணும். அங்கே கை நனைத்த பிறகுதான் அவள் வேறு வீடுகளுக்குப் போய்வரலாம், சாப்பிடலாம். எங்களுக்கு அண்ணன் தம்பி இல்லை. அப்பா வீட்டில் நான்தான் இருக்கிறேன். ஆக அக்காவுக்குப் பிறந்த வீடு என் வீடு.

ரெண்டு தடவை போய்க் கூப்பிட்டேன். கதவைச் சாத்தவில்லை, அதுதான் கொடுமை. நிமிர்ந்து பார்த்து, "திருடுன கையால சோறு வாங்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டு அரிசி பொறுக்கினாள். அந்த அரிசியையும் உலையில் போடுகிறாளா என்பது சந்தேகம். கழுத்து எலும்பு தெரிகிறது. பக்கத்து வீட்டுக்காரி சொன்னாள், நேற்று முற்றத்தில் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாளாம். அவர்கள் கொடுத்த சாப்பாட்டையும் வாங்கவில்லை. பிறந்த வீட்டில் கை நனைக்காமல் உங்கள் வீட்டுச் சோறு எப்படித் தின்பது என்று கேட்டிருக்கிறாள்.

என்னை நம்பாதவள் வழக்கத்தை நம்புகிறாள். மச்சான் இருந்தால் ஒரு வார்த்தையில் முடியும். நீ சொன்னா சரி என்றாரே. அப்படிச் சொல்ல இந்த ஊரில் ஒரே ஓர் ஆள்தான் இருந்தார்.

ஜூன் 5, வெள்ளி

காலையிலேயே பட்டறையைத் திறந்தேன். ரோணிக்கம் இல்லை. மூட்டையைக் கொட்டி ஊதாவாகப் பார்த்து ஒரு கல் எடுத்தேன். ரொம்பப் பளிச்சென்று இருந்தது, அதைப் போட்டுவிட்டுக் கொஞ்சம் மங்கலானது. அடுப்பை முழுசாக வைத்துச் சூடு காட்டினேன். தகடு சிவக்கச் சிவக்க ஊதாவாகவே இருந்தது. அதைப் பார்த்து எனக்கு வந்த ஆத்திரத்தைச் சொல்ல முடியாது.

மஞ்சள் கல் அளவுக்குத்தான் தீட்டினேன். சாப்பாட்டு நேரத்துக்கு முன் முடிந்துவிட்டது. பழகின கல்.

பிறகு குளித்துவிட்டுக் கோயிலுக்குப் போனேன். யாரும் இல்லை, கோயில்பிள்ளை மட்டும் மெழுகு சுரண்டிக்கொண்டிருந்தார். மஞ்சள் கல்லை மாதா உண்டியலில் போட்டேன். இது சவரி மச்சான் நேந்துகொண்டது, அவர் கடன் தீர்ந்தது என்று சொன்னேன். விழுந்த சத்தம்கூடச் சரியாகக் கேட்கவில்லை, நோட்டுக்கு மேல் விழுந்திருக்கும்.

அருளிடம் சொல்லவில்லை. சொன்னால் தடுப்பார், இல்லை சிரிப்பார்.

ஜூன் 6, சனி

சோறு, ரசம், அவரைக்காய்ப் பொரியல். அவளுக்குப் பிடிக்கும் என்று அப்பளம். எல்லாம் செய்து மூடி வைத்துவிட்டுத்தான் போனேன்.

ஊதாக் கல்லை அக்கா கையில் வைத்தேன். வாசலுக்கு எடுத்துப் போய் வெளிச்சத்தில் பிடித்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கண்ணீர் வந்து தாடையில் நின்றது.

"இதேதான். அவரு கல்லுதான் இது. எனக்குத் தெரியாதா. எங்கடி வச்சிருந்த?"

"அரிசிப் பானையில."

"ஏன்டி?"

"ஆசையாப் போச்சுக்கா."

அறைவாள் என்று நினைத்தேன். அறைந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். என்னை இழுத்துக் கட்டிக்கொண்டாள். எலும்பாக இருக்கிறாள். "குடுத்துட்டல்ல, போதும். நான் யாருட்டயும் சொல்ல மாட்டேன். கேட்டா, எறவாணத்துல கெடந்துச்சுன்னு சொல்லிக்கிறேன்" என்றாள். எனக்காக அவள் பொய் சொல்லப் போகிறாள்.

பிறகு என்னோடு நடந்து வந்தாள். தெருவே பார்த்தது. செம்பில் தண்ணீர் ஊற்றினேன், கை நனைத்தாள், இலை முன்னால் உட்கார்ந்தாள். சோற்றைப் பிசைந்தாள். முதல் கவளம், ரெண்டாவது, அப்புறம் நிறுத்தாமல் சாப்பிட்டாள். என் அக்கா என் வீட்டில் சாப்பிடுகிறாள். வேறு எதுவும் வேண்டாம் என்றிருந்தது, அந்த நேரத்துக்கு.

ரசம் கேட்டாள். ஊற்றினேன்.

"நாளைக்குப் பூசைக்கு முந்தி சாமிகிட்டச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் பண்ணிரு. நானும் கூட வாரேன். திருட்டுப் பாவத்தோட நன்மை வாங்காதடி. மாதா மன்னிச்சுருவா, நானே மன்னிச்சுட்டேன்."

சரி என்றேன்.

சாமியிடம் எதைச் சொல்வது. எடுக்காததை எடுத்தேன் என்றால் அது பொய். எடுத்தேன் என்று பொய் சொன்னேன் என்றால், போய் உன் அக்காவிடம் உண்மையைச் சொல் என்பார். சொன்னால் திரும்பவும் அரிசி பொறுக்க உட்கார்ந்துவிடுவாள். சொல்லப் போவதில்லை. பாவத்தை மறைத்துவிட்டுப் பூசையில் நன்மை அப்பம் வாங்கவும் கூடாது, சின்ன வயதிலிருந்து படித்தது. ஆனால் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். நன்மை வாங்க நான் எழுந்து போகிறேனா என்று பார்ப்பாள்.

வாங்கத்தான் போகிறேன்.